எட்டாவது பிளேட்

தாணுமாலையனின் லேபில் எட்டு கிடையாது. ஏழுக்கு அப்புறம் ஒன்பது.

லேப் தச்சநல்லூரில், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. பல் டாக்டர்கள் அனுப்புகிற வாய் அளவுக்குத் தக்கபடி பல் செட் செய்வார்கள், பல்லின் மேல் மூடுகிற கேப் வார்ப்பார்கள், கம்பி வளைப்பார்கள். இரண்டு வருஷமாகப் பாளையங்கோட்டை டாக்டர் பியூலாவுக்காக ஒரு புது வேலையும் நடந்தது. முன்பல் கோணலாக இருப்பவர்களுக்குக் கம்பி இல்லாமல், கண்ணாடிபோல நிறமில்லாத பிளாஸ்டிக் பிளேட். மாட்டியிருப்பது எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. ஒரு பிளேட்டை இரண்டு வாரம் போட்டால் பல் ஒரு நூலிழை அளவு நகரும். பிறகு அடுத்தது. இப்படிப் பத்துப் பதினைந்து பிளேட் போட்டால் பல் வரிசைக்கு வந்துவிடும்.

செய்கிற முறை இது. வாயிலிருந்து எடுத்த அளவில் பிளாஸ்டர் அச்சு வார்ப்பார்கள். அதில் கோணல் பல்லை மட்டும் அறுத்து, மெழுகில் ஒரு நூல் திருப்பி வைத்து, அதிலிருந்து இன்னோர் அச்சு. மறுபடியும் ஒரு நூல், மறுபடியும் ஓர் அச்சு. ஒவ்வோர் அச்சின் மேலும் சூடு காட்டிய பிளாஸ்டிக் தகட்டைப் போட்டு, மெஷின் காற்றை உறிஞ்சினால் தகடு படிந்து பிளேட் ஆகும். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஒன்பதையும் பத்தையும் பக்கத்தில் வைத்தால் செய்தவருக்கே தெரியாது. நம்பர்தான் அடையாளம்.

அந்த நம்பரில்தான் எட்டு கிடையாது. அது சனியின் எண் என்பது தாணுமாலையனின் முடிவு. டவுனில் எட்டாம் நம்பர் கடையில் முதல் லேபைத் தொடங்கி ஒரே வருஷத்தில் மூடியவர் அவர்.

“இந்தக் கட்டடம் பதினேழுல்லா அண்ணாச்சி? கூட்டினா எட்டு வருதே?” என்று மந்திரமூர்த்தி ஒருநாள் கேட்டான். அவன் பிளாஸ்டர் வேலை பார்ப்பவன்.

“அதுக்குத்தாம்ல பதினேழு ஏ-ன்னு போர்டு வச்சிருக்கு. எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு அலையாத.”

டாக்டர் பியூலா இதைக் கேட்டுச் சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை. நோயாளிக்கு லேப் அடித்துக் கொடுக்கிற அட்டையிலேயே ஏழாம் கட்டத்துக்கு அடுத்தது ஒன்பதாம் கட்டம். யாருக்கும் இதில் சிரமம் இருக்கவில்லை.

நம்பர் போடுவது சங்கரியின் வேலை. பன்னிரண்டு வருஷமாக அங்கே இருந்தாள். கடைவாய்ப் பல்லின் மேல் வருகிற இடத்தில் சின்ன டிரில்லால் நோயாளியின் எண்ணையும் பிளேட்டின் எண்ணையும் கீறுவாள். வளைந்த இடம், வழுக்கும். கொஞ்சம் அழுத்தினால் பிளேட் விரிசல் விடும். அழுத்தாவிட்டால் ஒரு வாரத்தில் நம்பர் தேய்ந்துபோகும். நாள் முழுக்கக் கீறினால் மறுநாள் விரல் மடங்காது.

தொண்ணூற்றெட்டுப் பொங்கல் கழிந்ததும் தாணுமாலையன் ஒரு மெஷின் வாங்கினார். கோயம்புத்தூரில் பேனாவிலும் எவர்சில்வர் தட்டிலும் பேர் வெட்டிக்கொண்டிருந்த மெஷின். அதைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பிளேட்டில் எழுத வைத்தது கணேஷ்ராம். வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார், இன்ஜினீயர். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் என்பதால் மெஷினும் சங்கரியின் கைக்கே வந்தது. அவளுக்குச் சந்தோஷம்தான்.

பிளேட்டை அதன் அச்சோடு சேர்த்துத் தாங்கியில் வைத்துத் திருகவேண்டும். கம்ப்யூட்டர் ஊசியைப் பைய இறக்கிக் கடைவாய்ப் பல்லில் மூன்று இடத்தில் தொட்டுப் பார்க்கும். மேடு எங்கே, சரிவு எங்கே என்று அதற்குத் தெரிந்துவிடும். பிறகு அந்தச் சரிவுக்குத் தக்கபடி ஏறி இறங்கி எழுதும். ஒரே ஆழம், ஒரே எழுத்து. முடிந்ததும் திரையில் அடுத்த நம்பரைக் காட்டி நிற்கும். மொத்தம் எத்தனை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தை அதுவே எண்ணிக்கொள்ளும்.

புரோகிராம் எழுதுவதற்கு முன்னால் கணேஷ்ராம் ஒரு நோட்டும் பேனாவுமாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தாணுமாலையன் பேங்குக்குப் போயிருந்தார்.

“நம்பர் ஒண்ணுல ஆரம்பிச்சு வரிசையாத்தான போகும்?”

“ஆமா சார்.”

“நடுவுல ஏதும் விசேஷம் உண்டா? உங்களுக்குன்னு தனி முறை, அந்த மாதிரி?”

சங்கரி அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். அதில் ஒரு கால்குலேட்டர் இருந்தது. கம்ப்யூட்டர் வாங்கிவிட்டு எட்டுக்குப் பயப்படுகிற ஆட்கள் என்று இவர் வண்ணார்பேட்டையில் போய்ச் சொல்வார் என்று தோன்றியது. சொல்லாவிட்டாலும் மனசுக்குள் சிரிப்பார்.

“ஒண்ணும் கிடையாது சார். நேராத்தான் போகும்.”

அவர் நோட்டில் ஒரு கோடு இழுத்தார்.

முதல் வாரமே மெஷின் ஒரு நல்ல பிளேட்டில் எட்டு என்று எழுதியது. அறையில் யாரும் இல்லை. அவள் அதை ஒடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வேறு பிளேட் செய்துகொண்டாள். அதற்கப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தாள். கோணலாகப் படிந்த, ஓட்டை விழுந்த பிளேட்டுகள் லேபில் எப்போதும் கிடக்கும். மொத்த எண்ணிக்கையில் ஒன்று கூட்டிச் சொல்வாள். ஏழு முடிந்ததும் ஒரு கழிவுப் பிளேட்டைத் தாங்கியில் வைப்பாள். மெஷின் அதில் எட்டு எழுதும். எடுத்து ஒடித்துப் போடுவாள். அடுத்து நல்ல பிளேட், ஒன்பது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் முதலிலேயே இன்ஜினீயரிடம் சொல்லவில்லை என்று அண்ணாச்சி கேட்பார். ஒரு நிமிஷ வேலைதானே என்று விட்டுவிட்டாள்.

ஆறு மாதம் அப்படியே ஓடியது.

ப்ரீதாவின் அளவு வந்தது ஜூலையில். கல்லிடைக்குறிச்சிப் பெண்; பத்தொன்பது வயது. மேல் வரிசையில் முன்பல் ஒன்று வெளியே தள்ளித் திரும்பியிருந்தது. பதினோரு வயதில் ஆற்றுப் படித்துறையில் விழுந்து அந்தப் பல்லில் அடிபட்டிருந்தது. ‘பழைய அடி, மெதுவாக நகர்த்த வேண்டும்’ என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். அதனால் பதினான்கு பிளேட். நம்பர் பதினைந்து வரை.

அந்தப் பதினான்கும் நம்பர் போடத் தயாரான நாள் ஆடி அமாவாசை. தாணுமாலையன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் பாபநாசம் போய்விட்டார். சங்கரியும் மாமனாருக்காக வீட்டுக்காரரோடு அங்கேதான் போயிருந்தாள். மந்திரமூர்த்திக்கு அப்பா இருக்கிறார். அவனுக்கு அமாவாசை கிடையாது. அவன் மட்டும் லேபில் இருந்தான். ப்ரீதாவின் பிளேட்டுகள் சனிக்கிழமை டாக்டருக்குப் போகவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். சங்கரி மெஷின் ஓட்டுவதை அவன் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். சீட்டில் கடைசி நம்பர் பதினைந்து என்று இருந்தது. அதையே தட்டினான். ஒவ்வொன்றாக வைத்து எழுதினான்.

மறுநாள் சங்கரி வந்தபோது வேலை முடிந்து பிளேட்டுகள் சின்னச் சின்னக் கவர்களில் இருந்தன. அவனுக்கே பெருமை.

“பாத்தியா யக்கா? நீ இல்லாமலே ஓட்டிட்டேன்.”

அவள் அட்டையோடு ஒத்துப் பார்த்தாள். ஒன்று முதல் ஏழு. ஒன்பது, பத்து, பதினொன்று. பதினான்கு வரை இருந்தது. பதினைந்து இல்லை. அது ஜனவரி கடைசியில்தான் தேவைப்படும். தகடு தீர்ந்திருக்கும், இவன் அதை இன்னும் படியவைக்கவில்லை என்று நினைத்தாள். பாபநாசத்துக் கூட்டத்தில் நின்ற கால் வலி வேறு. கேட்கலாம் என்று திரும்பினாள். அவன் டீ வாங்கக் கீழே இறங்கியிருந்தான். பெட்டியை மூடி டாக்டருக்குக் கொண்டுபோனாள்.

சனிக்கிழமைதோறும் அவள்தான் டாக்டரின் கிளினிக்குக்கு வேலைகளைக் கொண்டுபோவாள். அங்கேதான் ப்ரீதாவைப் பார்த்தாள். அம்மா வாலாம்பாளோடு வருவாள். ப்ரீதாவுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். சிரிக்கும்போது கை தானாக மேலே போய் வாயை மூடிக்கொள்ளும். மூன்றாவது பிளேட்டிலும் மூடினாள். ஐந்தில் பாதி மூடினாள். ஐப்பசி பிறந்ததும் வந்தபோது, டாக்டரின் காத்திருப்பு அறையில் யாரோ ஒரு கிழவர் பல் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே தேடினார். ப்ரீதா வாய்விட்டுச் சிரித்தாள். கை மடியிலேயே இருந்தது. அவள் கவனிக்கவில்லை. வாலாம்பாள் கவனித்து, சங்கரியைப் பார்த்தாள்.

“நீங்கதான் பண்றேளாமே. டாக்டர் சொன்னா. நன்னா இருக்கணும்.”

சங்கரிக்கு வீடுவரை அந்தச் சொல் கூட வந்தது.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை நல்ல மழை. சங்கரி நனைந்துகொண்டு உள்ளே போனபோது ப்ரீதா நாற்காலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழு முடிந்து ஒன்பதாம் பிளேட்டை மாட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது.

“ஏழாம் பிளேட்டை ஒழுங்காப் போட்டியா?” டாக்டர் கேட்டார்.

“போட்டேன் டாக்டர்.”

“ராத்திரி கழட்டி வச்சிட்டுத் தூங்கிருப்ப.”

“இல்ல டாக்டர். சாப்பிடறப்போ மட்டுந்தான்.”

“பெறவு இது ஏன் இவ்வளவு இறுக்கமா இருக்கு? முந்தினதை முழுசாப் போட்டிருந்தா பல் இந்த இடத்துக்கு வந்திருக்கணும்லா?”

“டாக்டர்கிட்ட பொய் சொல்லாதேடி” என்றாள் வாலாம்பாள்.

“பொய் சொல்லலம்மா.” ப்ரீதாவின் கண் நிறைந்தது.

டாக்டர் பிளேட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அட்டையைப் பார்த்தார். இரண்டிலும் ஒன்பது. சங்கரியை நோக்கித் தலையசைத்தார்.

“நம்பர் சரியாத்தான் இருக்கு. இப்போ கம்ப்யூட்டர்ல போடுதாங்க, மாறாது. இதையே போடு. பஞ்சை வச்சு நல்லா அழுத்திக் கடி. ஒரு வாரத்துல சரியாயிரும்.”

சங்கரிக்குப் பதினைந்து ஞாபகம் வந்தது. லேபுக்குத் திரும்பி மாடி ஏறியதும் குடையை மடக்காமலே கேட்டாள்.

“ஏலே மந்திரம், ஆடி அமாவாசை அன்னைக்கு மெஷின் ஓட்டினேல்லா. எட்டை என்ன செஞ்ச?”

“நீ செய்யுத மாதிரிதான் யக்கா. ஒடிச்சுக் கூடையில போட்டேன்.”

“கழிவுப் பிளேட் வச்சியா?”

“கழிவா? அதை எதுக்கு வைக்கணும்?”

அவள் குப்பைக் கூடையைப் பார்த்தாள்.

“நீ எப்பவும் எட்டை ஒடிச்சுப் போடுவியே, கூடையில கெடக்கும்லா. மெஷின் எட்டுன்னு ஒண்ணு எழுதும், அதைத் தூரப் போடணும்னு நெனச்சேன். நம்ம லேப்ல எட்டு கிடையாதே. கடைசில பதினஞ்சு வைன்னு கேட்டுச்சு. பிளேட் இல்ல. ஆஃப் பண்ணிட்டேன். தப்பா யக்கா?”

“ஒண்ணும் இல்ல. நீ வேலையைப் பாரு.”

அவன் ஒடித்தது கழிவு இல்லை. ஒன்பதாகப் போயிருக்க வேண்டிய பிளேட். அச்சின் அடியில் பென்சிலால் ஒன்பது என்று அண்ணாச்சி எழுதியிருந்தார்; தாங்கியில் வைத்தபின் அடி தெரியாது. அதற்கடுத்தது ஒன்பது என்ற பேரில் போய்விட்டது. ப்ரீதாவின் பல் ஒரு நூலுக்குப் பதிலாக இரண்டு நூல் நகரச் சொல்லித் தள்ளப்படுகிறது. அதுவும் அடிபட்ட பல். அதைப் பஞ்சு வைத்துக் கடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கீழே உரக்கடையில் போன் இருந்தது. சங்கரி இரண்டு படி இறங்கினாள். தாணுமாலையன் எதிரே ஏறி வந்தார்.

“எம்மா சங்கரி, திங்கக்கிழமை நாரோயில்ல இருந்து மூணு டாக்டர் வாராங்க. மெஷினைப் பாக்கணுமாம். தூசி தட்டி வை. நீதான் ஓட்டிக் காட்டணும்.”

“சரி அண்ணாச்சி.”

“நம்பர் மாறுததுக்கு வழியே கிடையாதுன்னு சொல்லிருக்கேன்.”

அவள் மேலே ஏறித் தூசி தட்டினாள்.

திங்கட்கிழமை நாகர்கோவில் டாக்டர்கள் மூவரும் வந்தார்கள். ஊசி தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை நின்று ரசித்தார்கள். எட்டு வருமுன், ஆறாம் நம்பரோடு அவள் நிறுத்திக்கொண்டாள். அவர்கள் போனபின் சொல்லலாம் என்று இருந்தாள். போனபின் தாணுமாலையன் எல்லாருக்கும் அல்வா வாங்கிவரச் சொன்னார். கையில் சூடான அல்வாவை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? செவ்வாய்க்கிழமை வேறு வேலை வந்தது.

புதன்கிழமை காலை, மற்றவர்கள் வருமுன், பென்சிலில் ஒன்பது என்றிருந்த அச்சில் ஒரு தகட்டைப் படியவைத்தாள். யாரிடமும் சொல்லாமல் சரிசெய்துவிடலாம். கொண்டுபோய்க் கொடுத்து, இதைப் போடு, அதைக் கழற்று என்று சொன்னால் தீர்ந்தது. மெஷின் ஒன்றிலிருந்துதான் எண்ணும். ஒன்பது வர எட்டுக் கழிவுகளை வைத்து எடுத்தாள்.

வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு, கல்லிடைக்குறிச்சி வழியாகப் போகும் பாபநாசம் பஸ் ஏறினாள். பிளேட் ஒரு சின்ன டிபன் டப்பாவில் இருந்தது. சேரன்மகாதேவியில் ஆறு கலங்கலாக, கரையை ஒட்டி ஓடியது. டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வாலாம்பாள் கதவைத் திறந்து திகைத்தாள்.

“வாங்கோ, வாங்கோ. மழையில எங்க இவ்வளவு தூரம்?”

என்ன சொல்லவேண்டும் என்று பஸ்ஸில் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். டாக்டர் மாற்றிக் கொடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். அதற்குள் ப்ரீதா உள்ளேயிருந்து வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

“அக்கா! வலி நின்னுடுத்து. நேத்திக்குக் கார்த்தாலேலேர்ந்து ஒண்ணுமே இல்ல.”

“நின்னுட்டா?”

“சுத்தமா. பஞ்சை வச்சுக் கடிச்சேன், டாக்டர் சொன்ன மாதிரி. பிளேட்டும் நன்னா உக்காந்துடுத்து. பல்லே இல்லாத மாதிரி இருக்கு.” சிரித்தாள். கை கீழேதான் இருந்தது. “அம்மா இப்பவும் நம்பல. நான் ஏழைப் போடலேங்கறா.”

“போட்டிருந்தா ஏன் வலிச்சுதாம்?” என்றாள் வாலாம்பாள், உள்ளேயிருந்து. “டாக்டர் என்ன பைத்தியமா?”

சங்கரிக்கு மூச்சு வந்தது. பஸ்ஸில் இறுகியிருந்த கை தளர்ந்தது. பல் இரண்டு நூலையும் தாங்கிக்கொண்டது. இனி சொல்வதற்கு என்ன இருக்கிறது? பன்னிரண்டு வருஷம் பல்லோடு பழகியவளுக்கு, பல்வலி ஒரே நாளில் அப்படி நிற்பது ஏன் என்று கேட்கத் தெரிந்திருக்கவேண்டும். வெந்நீர் பட்டால் கூசுகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. நல்ல சேதி வந்ததும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

“சும்மாதான் வந்தேன். பாபநாசத்துக்கு ஒரு வேலையா. அப்படியே பாத்துட்டுப் போலாம்னு.”

“எத்தனை நல்ல மனசு” என்று காபி கொண்டுவந்தாள் வாலாம்பாள். புறப்படும்போது ஒரு கட்டு அப்பளத்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள். வேண்டாம் என்றதைக் கேட்கவில்லை. “எங்க ஊருக்கு வந்துட்டு வெறுங்கையோட போகப்படாது.”

மறுநாள் சங்கரி டப்பாவிலிருந்த பிளேட்டை ஒடித்துக் கூடையில் போட்டாள். மற்ற எட்டுகளை ஒடிப்பது மாதிரிதான்.

பதினைந்து மட்டும் பாக்கி இருந்தது. கடைசி அச்சிலேயே இன்னொரு பிளேட் எடுத்துப் பதினைந்து என்று போட்டு அனுப்பினாள். அட்டையில் எல்லாக் கட்டமும் நிறைந்துவிட்டது. எங்கேயும் ஒன்றும் குறையவில்லை.

பொங்கல் கழிந்து கணேஷ்ராம் மெஷினைப் பார்க்க வந்தார். புது மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். மந்திரமூர்த்தி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, வண்டி நம்பர் நல்லா இருக்கே சார் என்றான்.

“லேசில கிடைக்கலப்பா. மொதல்ல குடுத்த நம்பர் கூட்டினா எட்டு வந்துது. எங்கம்மா வாசல்ல ஏத்தவே விடமாட்டேன்னுட்டா. நடையா நடந்து மாத்தினேன்.” அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். “என்ன படிச்சு என்ன? எனக்கே மனசு கேக்கல.”

சங்கரி அவர் பின்னால் வந்து நின்றாள்.

“சார், இதுல எட்டு வராம பண்ண முடியுமா? ஏழுக்கு அப்புறம் ஒன்பது.”

“உங்க லேப்லயும் கிடையாதா?” அவர் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. “அன்னைக்கே சொல்லிருக்கலாமே அக்கா. பத்து நிமிஷ வேலை.”

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி நடுவில் டாக்டர் பியூலாவிடமிருந்து போன் வந்தது. ஒரு கேப் செய்யவேண்டும், நிறம் பார்க்கச் சங்கரியை அனுப்புங்கள் என்று. நோயாளியின் பேர் சொல்லவில்லை. சங்கரி நிறப் பட்டையை எடுத்துக்கொண்டு போனாள். பட்டையில் பதினாறு மாதிரிப் பற்கள் வரிசையாக இருக்கும், வெள்ளையிலிருந்து பழுப்பு வரை. பக்கத்துப் பல்லோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எது பொருந்துகிறதோ அந்த நிறத்தில் கேப் செய்வார்கள்.

நாற்காலியில் ப்ரீதா இருந்தாள். பல் வரிசை நேராக இருந்தது. முன்பல் ஒன்று மட்டும் சாம்பல் நிறம். மழையில் நனைந்த சிமெண்டுபோல.

“உள்ள நரம்பு செத்துட்டு. அதுதான் வலியும் நின்னிருக்கு” என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே. “வேர் சிகிச்சை பண்ணிட்டு மேல கேப் போட்டுருவோம். பயப்பட ஒண்ணும் இல்ல.”

“ஏன் டாக்டர் இப்படி ஆச்சு?” வாலாம்பாள் சுவரோரம் நின்றாள்.

“பழைய அடிதான். சின்னப் பிள்ளையில விழுந்திருக்காள்லா. அப்படி அடிபட்ட பல் எப்பமும் நம்ப முடியாது. ஏழாம் பிளேட்டைக் கொஞ்சம் ஒழுங்காப் போட்டிருக்கலாம். அதை விடுங்க, இப்போ பேசி என்ன.”

ப்ரீதா நவம்பரில் சொன்னதை மறுபடி சொல்லவில்லை.

“நான்தான் அனுப்பிச்சேன்” என்றாள் வாலாம்பாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. “படியெல்லாம் பாசின்னு தெரியும். எனக்குக் கை வேலை. குழந்தையைப் போய் ரெண்டு துணி அலசிண்டு வாடின்னு அனுப்பிச்சேன். அன்னிக்கு நான் போயிருந்தா இவளுக்கு இது இல்ல. எட்டு வருஷமா மனசுல இருக்கு. பிளேட் போட்டு நேரானப்போதான் கொஞ்சம் ஆறித்து.”

சங்கரி நிறப் பட்டையை மடக்கினாள். மாதிரிப் பற்கள் ஒன்றோடொன்று உரசின.

“படித்துறையில விழுந்ததால இல்ல மாமி” என்றாள். “ஏழை அவ ஒழுங்காத்தான் போட்டா. நம்பர் தப்பு. அவளுக்கு ஒன்பதுன்னு குடுத்தது பத்து. நடுவுல ஒண்ணை லேப்ல ஒடிச்சுப் போட்டுட்டோம். கம்ப்யூட்டர்ல எட்டை விடணும்னு நான் சொல்லல. அதனாலதான்.”

டாக்டரின் பேனா நின்றது.

“எப்போ தெரியும் உனக்கு?”

“அவ வலின்னு வந்த அன்னைக்கே.”

“அன்னைக்கே சொல்லிருந்தா கழட்டிருப்பேனே. ரெண்டு வாரம் பல்லுக்கு ஓய்வு குடுத்திருந்தா ஒருவேளை...” டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். “நான் பஞ்சை வச்சுக் கடிக்கச் சொன்னேன்.”

வாலாம்பாள் சுவரை விட்டு நகர்ந்து வந்தாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. ஏதோ ஒன்றைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள்.

“நீங்க எங்காத்துக்கு வந்தேளே. அந்த மழையில. அப்போ தெரியுமா?”

“தெரியும்.”

“காபி சாப்ட்டேளே, அப்போ?”

“தெரியும் மாமி. மாத்திக் குடுக்கத்தான் வந்தேன். பையில இருந்துது.”

“பையில இருந்துது.” வாலாம்பாள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அப்புறம் அவள் சங்கரியோடு பேசவில்லை. மகளின் தலையில் கைவைத்து, “நீ போட்டுண்டுதான் இருந்தே, நான்தான் நம்பல” என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் விளக்கை அணைத்து, ஜன்னல் திரையை விலக்கினார்.

“வந்த வேலையைப் பாரு சங்கரி” என்றார். குரல் வேறாக இருந்தது. “வெளிச்சம் போறதுக்குள்ள கலரைப் பாத்துட்டுப் போ. தாணுமாலையன்ட்ட நான் பேசிக்கிடுதேன்.”

சங்கரி நாற்காலி அருகே போனாள். யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் ப்ரீதாவின் கை மேலே போய் வாயை மூடியிருந்தது. நிறம் பார்க்கவேண்டுமானால் அந்தக் கையை எடுக்கச் சொல்லவேண்டும். அதை அவள்தான் சொல்லவேண்டும்.

பட்டையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கையை எடும்மா” என்றாள்.